சொகுசுக் குடும்ப எஸ்யூவியின் உயரமும் எடையும்

ஏறத்தாழ 4.7 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்குச் சற்று மேல் வரை நீளமும், இரண்டு டன்னை ஒட்டியோ தாண்டியோ எடையும், ஐந்து முதல் ஏழு பேர் வரை அமர இடமும் கொண்டு, சொகுசுக் காரின் விலையில் விற்கப்படும் உயரமான வண்டியை மோட்டார் உலகம் நடுத்தர அளவுச் சொகுசு எஸ்யூவி என்று வகைப்படுத்துகிறது. லெக்ஸஸ் ஆர்எக்ஸ், பிஎம்டபிள்யூ எக்ஸ்5, மெர்சிடிஸ் பென்ஸ் ஜிஎல்இ, வால்வோ எக்ஸ்சி90, அக்யூரா எம்டிஎக்ஸ், ஆடி க்யூ7 ஆகியவை இவ்வகையில் நன்கறியப்பட்ட பெயர்கள். இவற்றைப் பற்றி எழுதப்படுவனவற்றுள் பெரும்பகுதி குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நொடிக்கணக்கு, திரையின் அகலம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இவ்வகையின் வரலாற்றையும் பொறியியலையும் சேர்த்து நோக்குவோருக்கோ, அதன் திறனை அளக்க வேண்டிய இடம் வேறு என்பது புலப்படும். உயரமும் எடையும் ஒரு வண்டிக்கு இயல்பாகவே கொண்டுவரும் குறைகளை அது எவ்வளவு ஈடுகட்டுகிறது, ஆட்களும் மூட்டை முடிச்சுகளும் நிறைந்த நிலையிலும் அந்த ஈடு நிலைக்கிறதா என்பவையே உண்மையான அளவுகோல்கள்.

இவ்வகை தோன்றியதற்கு வாங்குவோரின் விருப்பம் மட்டும் காரணமன்று. அமெரிக்கச் சட்டத்துக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1975இல் அங்கு இயற்றப்பட்ட எரிசக்திச் சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் வண்டிகளின் சராசரி மைலேஜுக்குக் கீழ்வரம்பு விதித்தபோது, பயணிகள் காருக்கு ஓர் அளவும் இலகுரக டிரக்குக்கு அதைவிடத் தளர்ந்த வேறோர் அளவும் வைத்தது. 1990களின் பிற்பகுதியில் கார்கள் ஒரு காலனுக்கு 27.5 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 11.7 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்க, டிரக்குகளுக்கு 20.7 மைலே, லிட்டருக்கு 8.8 கிலோமீட்டரே, போதுமானதாயிருந்தது. சட்டத்தின் கண்ணில் எஸ்யூவி ஒரு டிரக். மேலும், 1991இல் நடைமுறைக்கு வந்த சொகுசு வரி, 30,000 டாலருக்கு மேற்பட்ட விலைப்பகுதியில் பத்து விழுக்காட்டை வசூலித்தாலும், சுமையோடு சேர்த்த மொத்த எடை 6,000 பவுண்டைத் தாண்டிய டிரக் வகைகளுக்கு விலக்களித்தது. விலையுயர்ந்த பெரிய காரை விற்பதைவிட விலையுயர்ந்த கனத்த எஸ்யூவியை விற்பது நிறுவனங்களுக்கு ஆதாயமாகிவிட்ட சூழ்நிலை இது. எரிபொருளைச் சேமிக்க வந்த சட்டமே கனத்த வண்டிக்கு வழி திறந்துவிட்டது என்பது வாகனக் கொள்கை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

அக்காலம் வரை எஸ்யூவி என்பது பெரும்பாலும் டிரக்கைப் போலவே கட்டப்பட்டது. ஏணி வடிவில் அமைந்த கனமான எஃகுச் சட்டகத்தின்மீது எஞ்சினும் அச்சுகளும் பொருத்தப்பட்டு, பயணிகள் அமரும் உடற்கூடு தனியாகச் செய்யப்பட்டு அதன் மேல் பூட்டப்படும். கரடுமுரடான பாதைக்கும் இழுவைக்கும் இவ்வமைப்பு உகந்தது. ஆனால் எடை மிகுதி, தளம் உயரம், வளைவில் தள்ளாட்டம் ஆகிய குறைகள் அதனோடு பிறந்தவை. 1963இன் ஜீப் வேகனீரும் 1970இன் ரேஞ்ச் ரோவரும் இத்தகைய வண்டிக்குள் வசதியைப் புகுத்த முயன்ற முன்னோடிகள். 1997இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கலூசா அருகே கட்டிய புதிய ஆலையிலிருந்து மெர்சிடிஸ் வெளியிட்ட, ஜிஎல்இயின் முன்னோடியான எம் கிளாஸும் ஏணிச் சட்டகத்தையே நம்பியது. அதே ஆண்டின் இறுதியில் ஜப்பானில் ஹேரியர் என்ற பெயரிலும், 1998இல் அமெரிக்காவில் லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 300 என்ற பெயரிலும் டொயோட்டா வெளியிட்ட வண்டி, கேம்ரி காரின் அடித்தளத்தைத் தழுவியது. அதில் தனிச் சட்டகம் இல்லை; தரையும் தூண்களும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒற்றைக்கூடே சுமையனைத்தையும் தாங்கியது. மோனோகாக் எனப்படும் இவ்வமைப்பால் எடை குறைந்தது, அதிர்வு குறைந்தது, படியேறுவது எளிதாயிற்று. மலைப்பாதையில் ஏறிப் பழகியவர்கள் இதை எஸ்யூவி என்று ஒப்பத் தயங்கினர். கடைவீதிக்கும் பள்ளிக்கும் போய்வரும் குடும்பங்களுக்கு அந்தத் தயக்கம் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

அடுத்த நான்கு ஆண்டுகளில் இவ்வகை முழு வடிவம் பெற்றது. 1999இல் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில் உருவான எக்ஸ்5, ஒற்றைக்கூட்டோடு சாலைப் பிடிப்பையும் முதன்மைப்படுத்தியது. அப்போது பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் உடைமையாயிருந்த லேண்ட் ரோவரிடமிருந்து, செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைத் தானே அளந்து பிடித்து வண்டியை மெல்ல இறக்கும் ஏற்பாடு அதற்கு வந்துசேர்ந்தது. 2000இல் வெளிவந்த எம்டிஎக்ஸ் மூன்றாவது இருக்கை வரிசையைத் தரைக்குள் மடங்கும்படி அமைத்தது. 2002இல் எக்ஸ்சி90 வந்தது. 2005இல் எம் கிளாஸின் இரண்டாம் தலைமுறை ஏணிச் சட்டகத்தைக் கைவிட்டு ஒற்றைக்கூட்டுக்கு மாறியதோடு, எது பொருத்தம் என்ற விவாதம் இவ்வகையைப் பொறுத்தவரை முடிந்துபோனது.

ஒற்றைக்கூடு எடையைக் குறைத்ததே தவிர, உயரத்தின் குறையை நீக்கவில்லை. உயரமான வண்டி கவிழும் இயல்புடையது என்பதை அளக்க, அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் எளிய கணக்கொன்றைக் கையாள்கிறது. இடப்புற, வலப்புறச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. எடுத்துக்காட்டாக, சக்கர அகலம் 1.65 மீட்டரும் ஈர்ப்பு மையம் 0.70 மீட்டர் உயரத்திலும் உள்ள எஸ்யூவிக்கு இவ்வெண் 1.18 அளவில் வரும், அகலம் 1.55 மீட்டரும் மைய உயரம் 0.54 மீட்டருமான செடான் காருக்கு 1.43க்கு மேல் வரும். எண் சிறுத்தால் ஆபத்து பெருகும். காய்ந்த சாலையில் வெறுமனே திருப்புவதால் மட்டும் வண்டி கவிழ்வது அரிது. வழுக்கிப் பக்கவாட்டில் நகரும் வண்டி சாலையோர மண்ணிலோ கல்லிலோ சக்கரம் தட்டி உருள்வதே பெரும்பான்மை. ஆகவே முதல் வழுக்கலைத் தடுத்துவிட்டால் பெரும்பாலான கவிழ்வுகளைத் தடுத்துவிடலாம்.

இதற்கான கருவி வேறொரு வண்டியின் அவமானத்தால் பரவியது. 1997 அக்டோபரில் சுவீடனின் மோட்டார் இதழொன்று, சாலையின் குறுக்கே திடீரெனக் கடமான் வந்தால் ஒடித்துத் தப்பும் திருப்பத்தைச் சோதித்தபோது, மெர்சிடிஸின் சிறிய, உயரமான ஏ கிளாஸ் கவிழ்ந்தது. அதன் விளைவாக, 1995இல் விலையுயர்ந்த எஸ் கிளாஸில் அறிமுகமாகியிருந்த மின்னணு நிலைப்பாட்டுக் கட்டுப்பாடு, அச்சிறு காருக்கும் கட்டாய உறுப்பாயிற்று. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பிய கோணத்தையும் வண்டி உண்மையில் திரும்பும் வேகத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தாதபோது ஏதேனும் ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து வண்டியை நேர்ப்படுத்துவதே அதன் வேலை. 2000ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை பிரிந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவிகள் கவிழ்ந்த தொடர் விபத்துகள் அமெரிக்காவை உலுக்கியதால், உயரமான வண்டிகளுக்கு அது எவ்வளவு தேவை என்பது பொதுமக்களுக்கும் விளங்கிற்று. 2012 மாடல் ஆண்டு முதல் அங்கு எல்லாக் கார்களுக்கும் இலகுரக டிரக்குகளுக்கும் அது கட்டாயமானது.

முதல் எக்ஸ்சி90 இந்தச் சிக்கலைக் கையாண்ட விதம் சற்று நின்று பார்க்கத்தக்கது. வண்டி பக்கவாட்டில் சாயும் கோணத்தையும் சாயும் வேகத்தையும் அளக்கும் ஜைரோ உணரியொன்றை வால்வோ அதில் பொருத்தியது. கவிழும் நிலை நெருங்குவதாகக் கணக்கிட்டால் அமைப்பு எஞ்சின் விசையைக் குறைத்து, தேவையான சக்கரங்களைப் பிரேக் பிடித்து, வண்டி திருப்பத்தின் வெளிப்பக்கமாகச் சற்று அகன்று ஓடும்படி செய்யும். கூர்மையாகத் திரும்புவதைவிட அகன்று ஓடுவது கவிழ்வதைத் தடுக்கும் என்பது அதன் அடிப்படை. அதையும் மீறிக் கவிழ்ந்தால் நசுங்காதபடி கூரைத் தூண்களில் போரான் கலந்த மிகு வலிமை எஃகு இடப்பட்டது. திரைபோல் விரியும் காற்றுப்பை மூன்று வரிசைகளையும் மறைத்தது. எல்லாவற்றையும்விடக் குறிப்பிடத்தக்கது முன்பக்கத்தில் தாழ்வாக வைக்கப்பட்ட குறுக்குச் சட்டம். உயரமான வண்டி எதிரே வரும் தாழ்ந்த காரின் பம்பர் மேல் ஏறி நசுக்கிவிடாமல், அக்காரின் மோதல் தாங்கும் பகுதியிலேயே முட்டும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. தன் பயணிகளை மட்டுமின்றி எதிர் வண்டியில் இருப்போரையும் எண்ணிப் பார்த்த ஏற்பாடு என்பதால், இவ்வகையின் வசதிப் பட்டியல்கள் பேசாத இந்தச் சட்டமே அதன் சிறந்த அம்சம் எனலாம். 2003இல் பல நிறுவனங்கள் கூடி, 2009க்குள் தங்கள் எஸ்யூவிகளின் முன்கட்டமைப்பைக் கார்களோடு பொருந்தச் செய்வதாகத் தாமாகவே உடன்பட்டன.

பலன் புள்ளிவிவரங்களில் தெரிகிறது. காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 2015இல் வெளியிட்ட கணக்கில், 2009 முதல் 2012 வரை ஓட்டுநர் மரணம் ஒன்றுகூடப் பதிவாகாத ஒன்பது மாடல்களுள் எக்ஸ்சி90, ஆர்எக்ஸ் 350 ஆகியவற்றின் நாற்சக்கர இயக்க வடிவங்கள் இடம்பெற்றன. இதை எச்சரிக்கையோடே கொள்ள வேண்டும். இத்தகைய வண்டியை ஓட்டுவோர் பெரும்பாலும் நடுவயதுக் குடும்பத்தினர் என்பதால், பெருமையில் ஒரு பங்கு ஓட்டுநரின் நிதானத்துக்கும் உரியது. மேலும், உள்ளே இருப்போருக்குக் கிடைத்த காப்பு வெளியே நடப்போருக்குக் கிடைக்கவில்லை. அதே கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, பானெட்டின் முன்விளிம்பு ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வண்டி மோதினால், முக்கால் மீட்டர் அளவிலான வண்டி மோதுவதைவிடப் பாதசாரி உயிரிழக்கும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. பாதசாரியைக் கண்டு தானே பிரேக் பிடிக்கும் கேமராவும் ராடாரும் இன்று இவ்வகையில் வழக்கமாகிவிட்டாலும், பானெட்டைத் தாழ்த்துவதற்கு ஈடாக அவற்றைக் கொள்ள இயலாது.

விசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் இன்று இவ்வகையில் விசை குறைந்த வண்டி என்று ஒன்று அரிது. முதல் எக்ஸ்5இன் 4.4 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின் 286 குதிரைத்திறனோடு நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஏறத்தாழ 7.5 நொடி எடுத்துக்கொண்டது. 2018இல் வந்த நான்காம் தலைமுறையில் டர்போ பொருத்திய மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினே அதை 5.5 நொடியில் முடித்தது. 2014இல் இரண்டாம் எக்ஸ்சி90 ஆறும் எட்டும் சிலிண்டர்களை முற்றாகத் துறந்து, இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினிலிருந்தே 320 குதிரைத்திறன் எடுத்தது. தாழ்ந்த சுழற்சியில் எஞ்சினே நேரடியாகச் சுழற்றும் சூப்பர்சார்ஜரும், உயர்ந்த சுழற்சியில் புகைக்காற்றால் சுழலும் டர்போவும் காற்றை அழுத்தி ஊட்டின. நொடிக்கணக்கைவிடக் கவனிக்க வேண்டியது நிறுத்தும் கணக்கு. 2,200 கிலோ வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் கொண்டிருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 850 கிலோஜூல்; ஆட்களும் பெட்டிகளுமாக 500 கிலோ ஏறினால் அது ஆயிரத்தைத் தாண்டும். இத்தனையும் பிரேக்கில் வெப்பமாக வெளியேற வேண்டும். உதகை, கொடைக்கானல் போன்ற மலைகளிலிருந்து இறங்குவோர் கேட்க வேண்டியது குதிரைத்திறனையன்று, இந்தக் கணக்கையே.

நாற்சக்கர இயக்கத்தில் இவ்வகை இரண்டாகப் பிரிகிறது. எக்ஸ்5, ஜிஎல்இ, க்யூ7 ஆகியவற்றில் எஞ்சின் நீளவாக்கில் இருக்கிறது. ஆர்எக்ஸ், எம்டிஎக்ஸ், எக்ஸ்சி90 ஆகியவற்றில் குறுக்குவாக்கில் அமர்ந்து முன்சக்கரங்களை முதன்மையாக இயக்குகிறது. முன்னது ஸ்டியரிங் உணர்வுக்கும் இழுவைக்கும் நல்லது. பின்னது பயணிகளுக்கு இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் திருப்பத்தில் மூக்கு வெளியே தள்ளும். இக்குறைக்கு எம்டிஎக்ஸ் தன் இரண்டாம் தலைமுறையில், 2006இல், கண்ட தீர்வு நுட்பமானது. பின்அச்சு, முன்அச்சைவிட மிகச் சற்றே வேகமாகச் சுழலும்படி பற்சக்கரங்களால் இணைக்கப்பட்டிருக்கும். அதன் இருபுறமும் ஒவ்வொரு கிளட்ச் உண்டு. வண்டி திரும்பும்போது வெளிப்புறக் கிளட்ச் இறுகப் பிடித்தால், வெளிப்புறப் பின்சக்கரம் கூடுதல் விசையோடு முன்னே உந்தி, வண்டியின் மூக்கைத் திருப்பத்தின் உட்பக்கமாகத் தள்ளிவிடும். பிரேக்கால் வேகத்தைத் தின்னாமல் விசையைக் கூட்டியே திருப்பும் இம்முறை, இரண்டு டன் எடையைக் கைக்குள் அடக்கியதுபோல் உணரச் செய்கிறது.

வளைவில் உடல் சாய்வதைத் தடுக்க எளிய வழி இடவல சஸ்பென்ஷனைத் தடித்த முறுக்குக் கம்பியால் பிணைப்பது. அப்படிச் செய்தால் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழும்போது உடல் முழுதும் குலுங்கும். 48 வோல்ட் மின்சாரம் வந்தபின், கம்பியை நடுவில் துண்டித்து மோட்டாரால் இணைக்கும் வழி பிறந்தது: நேர்பாதையில் தளர்ந்தும் வளைவில் இறுகியும் அது நடந்துகொள்ளும். ஜிஎல்இயில் கிடைக்கும் உயர்நிலை அமைப்பு இன்னும் ஒரு படி போய், ஒவ்வொரு சக்கரத்தின் விசையையும் தனித்தனியே ஆண்டு, இருசக்கர வண்டி சாய்வதுபோல் வளைவின் உட்பக்கமாகவே சாய்கிறது. விலையையும் பழுதுபார்க்கும் செலவையும் எண்ணினால், குடும்ப வண்டிக்கு இது மிகை என்றே தோன்றுகிறது.

எரிபொருளைப் பொறுத்தவரை இவ்வகைக்கு உண்மையான விடுதலை தந்தது ஹைபிரிட். ஆர்எக்ஸ் 400எச், 2005இல், எஞ்சினோடு மின்மோட்டார்களைச் சேர்த்த முதல் சொகுசு எஸ்யூவியாக விற்பனைக்கு வந்தது. இன்றைய ஐந்தாம் தலைமுறையில் ஒரே உடலில் இரு வடிவங்களையும் ஒப்பிட முடிகிறது: அமெரிக்க அரசின் சோதனையில் டர்போ எஞ்சின் கொண்ட நாற்சக்கர இயக்க ஆர்எக்ஸ் 350 லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டரும், ஹைபிரிட்டான 350எச் 15 கிலோமீட்டரும் தருகின்றன. ஹைபிரிட் நெடுஞ்சாலையைவிட நகரத்தில் கூடுதல் மைலேஜ் தருவதற்குக் காரணம், பிரேக்கில் வீணாகும் ஆற்றலை மோட்டார் மின்சாரமாகத் திருப்பிப் பேட்டரியில் சேர்ப்பதே. எக்ஸ்சி90 டி8 போன்ற பிளக்-இன் ஹைபிரிட்கள், அதாவது வெளியே செருகி மின்னேற்றத்தக்கவை, வேறு வழி சென்றன; பின்சக்கரங்களை மோட்டார் மட்டுமே சுழற்றுவதால் நடுவே தண்டு தேவையின்றி, அந்தப் பள்ளத்திலேயே பேட்டரி வைக்கப்பட்டது. ஆனால் உரிமையாளர்கள் ஒழுங்காக மின்னேற்றாவிட்டால் இது பேட்டரியைச் சுமக்கும் பெட்ரோல் வண்டிதான்: பிளக்-இன் ஹைபிரிட்கள் சாலையில் வெளியிடும் கரியமில வாயு, ஆய்வகக் கணக்கைப்போல் சராசரியாக 3.5 மடங்கு என்று 2024இல் ஐரோப்பிய ஆணையம் அறிவித்தது.

உள்ளலங்காரத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தோல் இருக்கை, மசாஜ், பல மண்டல ஏசி, கூரைக் கண்ணாடி ஆகியவை எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றே. 2014இல் எக்ஸ்சி90 ஒன்பது அங்குல நெடுந்திரையை வைத்துப் பெரும்பாலான பொத்தான்களை ஒழித்தபோது அது முன்னேற்றமாகப் போற்றப்பட்டது. ஓட்டும்போது ஏசியைக் கூட்டக் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டியிருப்பதை மெல்லவே உணர்ந்தனர். ஐரோப்பிய மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் உள்ளிட்ட சிலவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இல்லாத வண்டிக்கு உயர்ந்த மதிப்பெண் தருவதில்லை என்று முடிவு செய்தது.

இந்தியாவில் இவ்வண்டிகள் முழுதாக இறக்குமதியாவதைவிட, பாகங்களாக வந்து இங்கே பூட்டப்படுவதே மிகுதி. எக்ஸ்5 செங்கல்பட்டு மாவட்டத்தில், மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007இல் திறக்கப்பட்ட சென்னை ஆலையிலும், ஜிஎல்இ புனே அருகே சாக்கனிலும், எக்ஸ்சி90 பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையிலும் உருப்பெறுகின்றன. நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சிசிக்கு மேல் எஞ்சின், குறைந்தது 170 மில்லிமீட்டர் தரை இடைவெளி ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஜிஎஸ்டியோடு கூடுதல் தீர்வையும் சேர்ந்து 50 விழுக்காடு என்றிருந்த வரி, 2025 செப்டம்பரில் தீர்வையற்ற 40 விழுக்காடாயிற்று. 2023இல் ஜிஎஸ்டி மன்றம் அந்த 170 மில்லிமீட்டரைச் சுமையற்ற நிலையில் அளக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. வரிக்கு அது நியாயம். குடும்பத்துக்கோ சுமையேறிய நிலையின் இடைவெளியே முக்கியம். ஏழு பேரும் பெட்டிகளும் ஏறியபின் எஃகுச் சுருள்வில் அமுங்கிப் பின்பகுதி தாழும். வேகத்தடையில் அடி தட்டும். சுருளுக்குப் பதிலாக அழுத்தக் காற்றுப் பையில் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன், சுமைக்கேற்பக் காற்றை ஏற்றி உயரத்தை நிலைநிறுத்துகிறது. பட்டியலில் கூடுதல் வசதியாக விற்கப்படும் இது, ஏழு பேர் செல்லும் குடும்பத்துக்கு அடிப்படைத் தேவைக்கு அருகில் இருக்கிறது.

குடும்ப வண்டி என்ற பெயர் மெய்ப்படும் இடம் மூன்றாவது வரிசை. லெக்ஸஸ் நிறுவனம் 2017இல் ஆர்எக்ஸின் வால்பகுதியை ஏறத்தாழ 110 மில்லிமீட்டர் நீட்டி, மூன்றாவது வரிசையைச் சேர்த்து ஆர்எக்ஸ் எல் என வெளியிட்டது. ஆனால் முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடைப்பட்ட வீல்பேஸ் 2,790 மில்லிமீட்டரிலேயே நின்றது. மனிதர் வசதியாக அமர்வதற்குரிய இடத்தை முடிவுசெய்வது பெரும்பாலும் இந்த இடைத்தூரமே. வாலை நீட்டினால் டிக்கி வளரும், முழங்கால் இடம் வளராது. கூரை பின்னோக்கிச் சரிந்ததால் தலைக்கும் இடம் குறைந்தது. 2022இல் வந்த அடுத்த தலைமுறை ஆர்எக்ஸில் மூன்றாவது வரிசையே இல்லை. அடுத்த ஆண்டு, அதற்கென்றே டிஎக்ஸ் என்ற வேறு வண்டியை லெக்ஸஸ் கொண்டுவந்தது. எக்ஸ்சி90இன் வீல்பேஸ் 2,984 மில்லிமீட்டர். அதன் கடைசி வரிசை 170 சென்டிமீட்டர் உயரம் வரையிலானோருக்கு ஏற்றதென வால்வோ வரையறுக்கிறது. நேர்மையான வரையறை இது. தரை உயர்ந்து இருக்கை தாழ்ந்திருப்பதால் அங்கே முழங்கால் மார்பை நோக்கி எழும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதும், மதுரையிலிருந்து சென்னை வரை பாட்டியை அங்கே உட்கார வைப்பது அறமன்று. அதைவிட, நடுவரிசையின் மையத்தில் குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் மேடையை இருக்கைக்குள்ளேயே மடித்துவைத்த வால்வோவின் ஏற்பாடு அன்றாடம் பயன்படுவது.

மூன்று வரிசைகளும் நிரம்பியபின் பெட்டிகளுக்கு எஞ்சும் டிக்கி, இவ்வளவு பெரிய வண்டிக்கு வியப்பூட்டும் அளவு சிறியது. நெடும்பயணத்தில் மிஞ்சிய சுமை கூரைமேல் ஏறுகிறது. எக்ஸ்சி90இல் அதற்கு உச்சவரம்பு, தாங்கியின் எடையையும் சேர்த்து, நூறு கிலோ. அந்த நூறு கிலோவும் வண்டியின் ஈர்ப்பு மையத்துக்கு ஒரு மீட்டர் மேலே அமர்வதால், முன்னே சொன்ன 1.18 என்ற எண் இன்னும் கீழே இறங்குகிறது. வண்டி காலியாக ஓடும்போது எடுத்த சோதனை எண்கள் அந்த நிலைக்குப் பொருந்துவதில்லை.